சடை நாயின் காது அரிப்பும் பயிர் மருந்தும்

வத்தலக்குண்டுப் பகுதியில் தக்காளி, தென்னை பயிரிடும் உழவர்களுக்காக நடந்த களைக் கட்டுப்பாட்டுப் பயிற்சி ஒன்றில், கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெரியவர் என்னை ஓரமாக அழைத்தார். "சார், பேத்திக்காக ஒரு சடை நாய் வாங்குனோம். காதைச் சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்கிருச்சு. உண்ணியும் இருக்கு. எந்த மருந்தை எத்தனை மில்லி கலக்கலாம்?" என்று கேட்டார். நான் உழவியல் கற்பிப்பவன். "அது என் பாடமில்லை ஐயா, கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த முறை அந்த ஊருக்குச் சென்றபோது நாயைப் பற்றி விசாரித்தேன். தக்காளிக்கு அடித்து மீதியிருந்த மருந்தில் ஒரு மூடி எடுத்துத் தண்ணீரில் கலந்து, நாயின் உடலிலும் காதுக்குள்ளும் துடைத்து விட்டிருக்கிறார்கள். பொழுது சாயும் முன்பே வாயில் நுரை தள்ளி, கால்கள் நடுங்கி நாய் இறந்துவிட்டது. பேத்தி அன்று மதியம் முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல வேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை.

எத்தனை மில்லி என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவியது என் தவறு. "ஒரு மில்லியும் கூடாது" என்று அன்றே சொல்லி, ஏன் கூடாது என்பதையும் விளக்கியிருக்க வேண்டும். ஆகவே கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

நம் மண்ணுக்குப் புதிய விருந்தாளி

நம் பக்கத்து நாய்களான கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றின் உடலில் மயிர் குட்டையாகவும் தோலோடு ஒட்டியும் இருக்கும். வெயிலைத் தாங்கும். உண்ணி ஏறினால் உடனே கண்ணில் படும். சடை நாய் என்று நாம் அழைக்கும் பொமரேனியன், ஸ்பிட்ஸ் வகைகள் ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டவை. பால்டிக் கடலோரத்தில் இருக்கும் பொமரேனியா என்ற நிலப்பகுதியே அந்தப் பெயருக்குக் காரணம். லாசா அப்சோ திபெத்து நாட்டு நாய். ஷிட்சூவும் திபெத்து, சீனம் வழியாக வந்ததே. கொடைக்கானலில் இவை சௌக்கியமாக இருக்கலாம். மலையடிவாரத்தில் நம் சமவெளி வெயிலிலும், ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும் இவற்றின் தோலும் காதும்தான் முதலில் தொல்லைக்கு உள்ளாகின்றன.

இவற்றுள் பொமரேனியன், ஸ்பிட்ஸ் நாய்களுக்குக் காது நிமிர்ந்து நிற்கும். உள்ளே காற்றுப் புகுவதால் காதுச் சீழ் சற்றுக் குறைவு. லாசா, ஷிட்சூ போன்றவற்றுக்குக் காது தொங்கும். காதின் உள்ளேயும் மயிர் முளைக்கும். நம் ஊர்களில் பெரும்பாலும் கலப்புக் குட்டிகளே விற்கப்படுவதால் பாதி நிமிர்ந்து பாதி மடிந்த காதுகளையும் காணலாம். வாங்கும்போதே காதை மடக்கி உள்ளே பார்த்து, முகர்ந்தும் பார்த்து வாங்குவது நலம். மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிற நாம் நாய்க்கு நிறத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

காதின் அமைப்பு

நம் காதுத் துளை ஏறக்குறைய நேராக உள்ளே செல்கிறது. நாயின் காதுத் துளை அப்படியன்று. முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கி மடங்குகிறது. பாசனக் குழாயில் போடும் 'எல்போ'வை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த மடக்கைத் தாண்டித்தான் செவிப்பறை இருக்கிறது. தண்ணீரோ அழுக்கோ உள்ளே போனால் எல்போவில் தேங்கி நின்றுவிடும். தானாக வெளியே வருவது கடினம்.

கொடிக்காலில் தண்ணீர் தேங்கி, நிழலும் புழுக்கமும் சேர்ந்தால் வெற்றிலைக்கு வாடல் நோய் வருவதை நீங்கள் அறிவீர்கள். காதுக்குள் நடப்பதும் அதைப் போன்றதே. ஈரம், வெப்பம், காது மெழுகு, மயிர் ஆகியவை சேரும்போது, எப்போதும் தோலில் சிறிதளவு இருக்கும் ஈஸ்ட் வகைப் பூசணமும் பாக்டீரியாக்களும் பல்கிப் பெருகுகின்றன. காது சிவந்து, தடித்து, துளை குறுகுகிறது. குறுகிய துளையில் காற்றோட்டம் இன்னும் குறைய, நோய் மேலும் முற்றுகிறது.

நல்ல காது வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். சிறிது மெழுகு இருக்கலாம், வாடை இருக்காது. புளித்த மாவு போன்ற வாடையும் பழுப்பு நிறப் பிசுக்கும் இருந்தால் பெரும்பாலும் பூசணம். மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழும் துர்நாற்றமும் இருந்தால் பாக்டீரியா எனக் கருதலாம். காப்பித்தூள் போன்ற கறுத்த பொடி இரண்டு காதிலும் இருந்தால் காதுச் சிலந்திப்பேனைச் சந்தேகிக்க வேண்டும். இவை அடையாளங்கள் மட்டுமே. காதுக் கசிவை நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் உறுதி செய்வார். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு என்பதால், பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுவதில் பயனில்லை.

தலையை ஓயாமல் உதறும் நாய்க்குக் காது மடல் திடீரென வீங்கிப் பை போல் ஆவதுண்டு. மடலுக்குள் இரத்தக் குழாய் உடைந்து இரத்தம் தேங்குவதே காரணம். ஊசியால் குத்தி நீங்களே வடிக்க முயல வேண்டாம்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

நாய் அரித்தால் நாம் முதலில் தேடுவது உண்ணியை. தேடுவது சரியே, தேடும் இடத்தில்தான் பிழை செய்கிறோம். நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. முட்டையிலிருந்து வரும் ஆறு கால் குஞ்சு நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்துக் கீழே விழுகிறது. தோலுரித்து எட்டுக் கால் இளம் உண்ணியாகி மீண்டும் ஏறுகிறது, மீண்டும் விழுகிறது. வளர்ந்த உண்ணியாக மூன்றாம் முறை ஏறுகிறது. வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி சுவர் வெடிப்பு, கட்டில் இடுக்கு, ஓட்டுக் கூரையின் சந்து எனத் தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. பட்டினியாகவும் பல மாதம் காத்திருக்க வல்லது. எனவே நாயின் மேல் இருப்பதைப் பிடுங்கி எறிந்தால் அடுத்த வாரம் புதுக் கூட்டம் ஏறிவிடும். களை விதை மண்ணில் கிடக்கும்போது மேலே முளைத்ததை மட்டும் கொத்தி விடுவதைப் போன்றது இது.

உண்ணி காதின் உள்மடிப்பையும், கால் விரல் இடுக்கையும், கழுத்துப் பட்டையின் அடியையும் மிகவும் விரும்பும். சடை நாயில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். எடுக்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். நகத்தால் நசுக்குவதும், தீக்குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது. உண்ணியால் வரும் காய்ச்சல்கள் சிறிய நாயைச் சில நாட்களில் சாய்த்துவிடக் கூடியவை. இரை எடுக்காமை, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தெள்ளுப்பூச்சி வேறு வகை. இடுப்பிலும் வால் அடியிலும் அரிக்கும். நனைத்த வெள்ளைத் துணியின் மேல் நாயைச் சீவினால் உதிரும் கறுப்புத் துகள் சிவப்பாகக் கரையும். அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது. இரண்டு மூன்று தெள்ளு கடித்தாலே உடம்பு முழுவதையும் பிய்த்துக் கொள்ளும்.

தென்னங் குரும்பையைச் சொரசொரப்பாக்கும் ஈரியோபைட் சிலந்தி உங்களுக்குத் தெரிந்ததே. அதற்குத் தூரத்து உறவான ஒரு சிலந்திப்பேன்தான் நாய்க்குச் சொறியை உண்டாக்குகிறது. காது மடலின் ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து பொருக்குத் தட்டும். காது ஓரத்தை விரலிடையே வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நாயின் பின்னங்கால் தானாகவே சொறிய எழுந்தால் சொறி என்று ஐயுறலாம். இது மனிதருக்கும் தொற்றி அரிக்கும். வீட்டில் குழந்தைகளுக்கும் அரிப்புக் கண்டால் அவர்களை மருத்துவமனைக்கும் நாயைக் கால்நடை மருந்தகத்துக்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்வது நல்லது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். வரப்பிலும் தரிசிலும் வளரும் சில களைகளின் விதைகள் நாயின் காதுக்கு நேரடி எதிரிகள். நாயுருவியின் பெயரிலேயே நாய் இருக்கிறது. அதன் விதை மயிரில் ஒட்டிக்கொண்டு விடாது. மருளூமத்தைக் காயின் கொக்கிகள் சடையை முடிச்சாக்கிவிடும். எல்லாவற்றிலும் பொல்லாதது ஊசிப்புல். அதன் விதை முனை கூர்மையானது; பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் கொண்டது. முறுக்கிய வால் ஈரம் பட்டால் சுழன்று விதையைத் தரைக்குள் துளைத்துச் செலுத்தும். மண்ணில் முளைப்பதற்காக இயற்கை கொடுத்த இந்தத் துரப்பணம் நாயின் காதுக்குள் விழுந்தால் முன்னால் மட்டுமே போகும், பின்னால் வராது. தோட்டத்துக்குப் போய் வந்த நாய் திடீரென ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, அந்த ஒரு காதை மட்டும் உதறிக் கத்தினால் விதை புகுந்திருக்கலாம். மருத்துவர் உரிய கருவியால்தான் அதை எடுக்க இயலும். பூக்கும் முன்பே வரப்புக் களையை அறுத்து விடுவது பயிருக்கும் நாய்க்கும் ஒருசேர நன்மை தரும்.

பயிர் மருந்து ஏன் கூடாது?

"பூச்சிக்குப் பூச்சி மருந்து, இதில் என்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. பயிருக்கு அடிக்கும் ஃபிப்ரோனில், சைபர்மெத்ரின் முதலிய பெயர்கள் கால்நடை மருந்துகளிலும் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் தயாரிப்பு ஒன்றன்று. பயிர் மருந்துப் புட்டியில் மருந்தோடு அதைக் கரைக்கும் சைலீன் போன்ற கரைப்பான்களும், இலையில் ஒட்டவும் பரவவும் உதவும் பொருள்களும் இருக்கும். அவை தோலை எரிக்கும். மருந்து தோல் வழியே உள்ளே இறங்கவும் துணை புரியும். நாய்க்கென்று விற்கும் சொட்டு மருந்து தோலின் மேற்பரப்பிலேயே பரவித் தங்கும்படி செய்யப்பட்டது. எடைக்கேற்ப அளந்து அடைத்தது. 10 கிலோ வரையுள்ள நாய்க்கு அது ஒரு மில்லியை விடக் குறைவே. கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடத்தில் விடுகிறார்கள்.

மோனோகுரோட்டோபாஸ், புரபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட் முதலிய பாஸ்பரஸ் வகை மருந்துகள் பூச்சியைக் கொல்வது அதன் நரம்பைத் தாக்கித்தான். நாய்க்கும் நமக்கும் இருப்பது அதே நரம்பு வேதியியல். எடையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பசு 400 கிலோ என்றால் சடை நாய் 4 கிலோ. நூறில் ஒரு பங்கு. "மாட்டுக்கு உண்ணிக்காக அடித்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற அனுபவம் இங்கே செல்லாது. மேலும் சொறிந்து புண்ணான காது மருந்தை மிக விரைவில் உறிஞ்சிவிடும். நீண்ட சடை மருந்தை நாள் கணக்கில் பிடித்து வைத்திருக்கும். நாய் அதை நக்கிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் அதே சடையைத் தடவிவிட்டுச் சோறு உண்பார்கள். புட்டியில் பச்சை முக்கோணம் இருந்தால் நஞ்சு குறைவு என்று பொருளே தவிர, உடம்பில் பூசலாம் என்று பொருளில்லை.

முன்பெல்லாம் பி.எச்.சி. தூளைக் கோழிக் கூட்டிலும் நாயின் மேலும் தூவிய வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அது 1997ஆம் ஆண்டு இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய டப்பா எங்காவது பரணில் இருந்தால் அதையும் தொட வேண்டாம்.

ஆடு மாடுகளுக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைச் சிறு நாய்க்குக் கண்ணளவில் போடுவதும் ஆபத்தே. கணக்கில் ஒரு புள்ளி பிசகினால் பத்து மடங்கு ஆகிவிடும்; கோலி இன நாய்கள் போலச் சிலவற்றுக்குச் சிறிது கூடினாலும் தாங்காது. பழைய என்ஜின் ஆயில், பினாயில், கற்பூரம் கரைத்த எண்ணெய், காதுக்குள் காய்ச்சி ஊற்றும் வேப்பெண்ணெய் ஆகியவையும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எந்த எண்ணெயும் நடுக்காதுக்குள் இறங்கி நாயைச் செவிடாக்கக் கூடும். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. வீட்டில் பூனையும் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

எச்சில் ஒழுகுதல், கண்ணின் பாவை ஊசி முனையாகச் சுருங்குதல், கழிச்சல், தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் ஆகியவை பாஸ்பரஸ் மருந்து நஞ்சேறியதன் அறிகுறிகள். கையுறை அல்லது பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும் கொண்டு சடையின் அடிவரை கழுவுங்கள். நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். மருந்துப் புட்டியையும் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரிந்தால்தான் அட்ரோபின் போட வேண்டுமா, வேறு சிகிச்சையா என்று முடிவு செய்ய இயலும். பாலோ எண்ணெயோ புகட்டாதீர்கள். நடுங்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். நாயைக் கழுவியவரும் உடைமாற்றிக் குளிக்க வேண்டும்.

காதைப் பேணும் முறை

வாரம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், நாயை மடியிலோ திண்ணையிலோ உட்கார வைத்துக் காதைப் பாருங்கள், முகருங்கள். நல்ல காதை அடிக்கடி குடைந்து சுத்தம் செய்வதே ஒரு நோயாகிவிடும். அழுக்குச் சேர்ந்திருந்தால் கால்நடை மருந்தகம் பரிந்துரைக்கும் காது கழுவும் திரவத்தைத் துளையில் விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெதுவாகப் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று ஓசை கேட்கும். பிறகு நாயை விட்டுவிடுங்கள். தலையை உதறி, எல்போவில் இருந்த அழுக்கை அதுவே மேலே கொண்டு வரும். வெளியில் தெரிவதை மட்டும் பஞ்சால் துடையுங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சை உள்ளே விட்டால் அழுக்கை இன்னும் ஆழத்தில் இடித்துத் திணிப்பதாகும். தொட்டாலே கத்துகிற காதில் எதையும் விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காதைச் சுற்றியும் மடலின் உட்புறமும் உள்ள நீண்ட மயிரைக் கத்தரித்து விடலாம். துளைக்குள் இருப்பதைப் பிடுங்க வேண்டாம்.

குளிப்பாட்டும்போது இரு காதிலும் சற்றுப் பெரிய பஞ்சு உருண்டையை வைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குளியல் போதும். நம் தோலும் நாயின் தோலும் காரத் தன்மையில் வேறுபடுவதால் நாய்க்குரிய ஷாம்பூவே ஏற்றது. பம்புசெட்டுத் தொட்டியிலோ மஞ்சளாற்றிலோ இறக்கி முக்கி எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பார்க்க வேடிக்கைதான், அன்றிரவே காதைச் சொறிய ஆரம்பித்துவிடும். குளித்த பின் அடிச் சடை வரை உலர்த்த வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுங்கள். தோட்டத்திலிருந்து வந்ததும் காது, விரலிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் களை விதை இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் மொட்டையடிப்பது நன்மை என்று எண்ண வேண்டாம். இரட்டை அடுக்கு மயிர் வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட மழித்தால் தோல் வெந்து போகும்.

உண்ணிக்கு வாயில் கொடுக்கும் மாத்திரையும், கழுத்தில் விடும் சொட்டும் இப்போது கிடைக்கின்றன. மாத்திரைக்கு விலை சற்று அதிகம்தான். நாயை எடை போட்டு, வயதைச் சொல்லி, மருத்துவர் சீட்டின்படி வாங்குங்கள். கூடவே நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்போ சிமெண்டோ வைத்து அடையுங்கள். கட்டில், கதவு நிலை இடுக்குகளைத் தட்டிப் பெருக்கிய குப்பையை எரித்துவிடுங்கள். உண்ணியின் சுற்று முடிய இரண்டு மூன்று மாதமாகும் என்பதால் அதுவரை வாரந்தோறும் இந்த வேலை தொடர வேண்டும்.

வலியுள்ள காதைத் தொட்டால் சாதுவான நாயும் கடிக்கும். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பின் ஆண்டுதோறும் ஊசியும் போட்டிருப்பது அவசியம். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்க வேண்டாம்.

மருந்தகத்துக்குப் புறப்படும் முன் காதைக் கழுவி விடாதீர்கள். கசிவு இருந்தால்தான் மருத்துவர் அதை எடுத்துப் பார்க்க முடியும். நீங்கள் ஏற்கெனவே எதைப் பூசினீர்கள் என்பதை, அது எதுவாக இருந்தாலும், கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.